மாமனார் அனுப்பிய இரும்புச் சங்கிலி

சளக், சளக், டங். சளக், சளக், டங்.

இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சத்தம் தாளம் தப்பாமல் காதில் கேட்கிறது. தார் ரோட்டில் இரும்புச் சங்கிலி உருண்டு, மூன்றாவது தட்டுக்கு மட்காட்டில் மோதுகிற சத்தம். 'டங்' விழும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். அந்தச் சங்கிலியைப் பிழையான சில்லில், பிழையான சக்கரத்தில், பூட்டச் சொன்னவள் நான்தான்.

அன்றைய வேலை மிகச் சின்னது. யோகனை ஐஸுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையில் ஒரு மீனைக் கொடுத்து, ஒரு படம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில், எட்மண்டன் பகுதியில், எங்கள் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்தவன் யோகன். பெட்ரோல் ஷெட்டில் வேலை. வயது முப்பத்தாறு. மூன்று சம்பந்தம் பேசி மூன்றும் தவறிவிட்டன. நாலாவது, கனடாவில் ரொறன்ரோவில் இருந்த மலர்.

கடிதங்களை எல்லாம் எழுதிக்கொடுத்தது நான். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவள் அல்லவா! லண்டனில் அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். ஆகவே யாராவது கடிதம் என்று வாய் திறந்தால் விடமாட்டேன்.

ஒருநாள் மலரின் தகப்பனார் ரெலிபோனில் கேட்டார்.

"தம்பி, நாங்கள் இஞ்சை வின்ரருக்கு ஏரிக்குப் போய் ஐஸைத் துளைச்சு மீன் பிடிக்கிறனாங்கள். உங்களுக்கு உதிலை விருப்பமோ?"

விருப்பம் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். யோகன் சொன்னான்: "ஓம் மாமா! நாங்களும் வருசா வருசம் போறனாங்கள்."

"அப்ப ஒரு படம் அனுப்புங்கோவன். பிள்ளையும் பாக்கட்டும்."

யோகனுக்கு வியர்த்துவிட்டது. "இந்த முறை போகேல்லை மாமா. எங்கடை பிக்கப் ஸ்னோவிலை வழுக்குது."

அவர் நல்ல மனிதர். வினையே அதுதான். இரண்டு கிழமைக்குள், பதினாலு நாள்கூட ஆகாமல், ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவரிடம் ஒரு கனத்த பையைக் கொடுத்துவிட்டிருந்தார். திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு இரும்புச் சங்கிலிகள். பனியில் வழுக்காமல் இருக்க ரயரைச் சுற்றிப் பூட்டுகிறவை. எப்படிப் பூட்டுவது என்று ஒரு குறிப்பும் இல்லை. 'கவனமாய் ஓடுங்கோ' என்று ஒரு துண்டுக் கடதாசி மட்டும்.

மாமனார் மாப்பிள்ளைக்குச் சங்கிலி போடுவது எங்களில் வழக்கம்தான். தங்கத்தில்.

"உண்மையைச் சொல்லிவிடு யோகன்" என்றேன்.

"சொன்னால் நாலாவதும் போயிடும் அக்கா." சங்கிலியைத் திரும்பப் பைக்குள் வைத்தான். "அந்தப் பிள்ளை போனிலை 'சாப்பிட்டீங்களோ' எண்டு கேட்டவ. லண்டனுக்கு வந்து ஆறு வருசத்திலை என்னட்டை ஒருத்தரும் அப்பிடிக் கேக்கேல்லை."

எனக்குச் சுருக்கென்றது. ஒரே வீட்டில் இருந்த நானும் கேட்டதில்லை.

"சரி. பனி பெய்யட்டும், பாப்பம்" என்றேன்.

மாசியில் பெய்தது. ஒரு கிழமை லண்டன் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது. பனி விழுந்த தெருவில் காலடிச் சத்தம்கூடப் பஞ்சுக்குள் போனது போல இருக்கும். சாதாரணமாக எனக்கு அப்படிப்பட்ட நாட்களில் அழுகை வரும். அந்த முறை நேரம் கிடைக்கவில்லை. மீன் வாங்கப் போகவேண்டியிருந்தது.

ஆம், மீனைக் கடையில்தான் வாங்கினோம். யோகனுக்குத் தூண்டில் பிடிக்கவே தெரியாது!

சனிக்கிழமை டூட்டிங்கில் இருந்த எங்கள் ஆட்களின் கடைக்குப் போய் ஒரு நல்ல பாரை மீன் எடுத்தேன். கடைக்காரத் தம்பி கத்தியோடு கேட்டார்: "அக்கா, துப்புரவாக்கித் தரட்டோ?"

"ஓம் தம்பி."

முப்பது வருடப் பழக்கம். மூளையைக் கேட்காமலே வாய் சொல்லிவிட்டது. தம்பி செதிலைச் சீவி, வயிற்றைக் கீறி, குடலை எடுத்து, கழுவித் தந்துவிட்டார். நானும் சந்தோசமாக வாங்கிக்கொண்டு வந்து, ஐஸில் பிடித்தது போல இருக்கட்டும் என்று ஃபிரீஸரில் வைத்தேன்.

ஞாயிறு காலை பிரான்சிஸ் அண்ணை பிக்கப்போடு வந்தார். மன்னார்க்காரர். எங்கள் தெருக் கடைசியில் இருந்தவர். மரக்கறி ஏற்றி இறக்குகிற அந்த பிக்கப்தான் 'எங்கடை பிக்கப்' என்று யோகன் ரொறன்ரோவுக்குச் சொன்னது.

"எந்தச் சில்லுக்கு இதைப் பூட்டுறது?" என்று கேட்டார்.

நான் ஏற்கெனவே தேசிக்காயோடு, எலுமிச்சங்காயோடு, நின்றேன். வாகனத்துக்குப் புதிதாக எதைப் பூட்டினாலும் முன் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கிவிட்டுத்தான் புறப்படுவது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

"முன் சில்லுக்கு அண்ணை. சங்கிலியைப் பூட்டிப்போட்டு தேசிக்காயிலை ஏத்துங்கோ."

"தங்கச்சி, இந்த வாகனத்தைத் தள்ளுறது பின் சில்லெல்லோ?"

"வழியிலை முன்னுக்குப் போறது எது? தேசிக்காயைப் பின் சில்லுக்கு வைச்ச ஆரையாவது கண்டிருக்கிறியளோ?"

அவர் கண்டதில்லை. படித்தவள் சொல்கிறாள் என்று விட்டுவிட்டார். உலகத்தில் பாதிப் பிழை இப்படித்தான் நடக்கிறது.

தன் பங்குக்கு அவர் ஒரு சின்னப் போத்தலைத் திறந்து மாதாகோயில் தீர்த்தத்தைச் சில்லில் தெளித்தார். அது விழுந்த இடத்திலேயே உறைந்தது.

பிறகு பிக்கப்பைத் தேசிக்காயில் ஏற்றினார். நான் அதை ஃபிரீஸரில், மீனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கல்! நசுங்கவில்லை. பிதுங்கி, துவக்குக் குண்டு மாதிரிப் பாய்ந்து, பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியில் போய் மோதியது.

பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா யன்னலைத் திறந்தா. "எல்லாம் சரிதானா?" என்று கேட்டா.

"சரி, சரி. இது சமய விசயம்" என்றேன். உடனே யன்னலைச் சாத்திவிட்டா.

நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு குளத்துக்குப் புறப்பட்டோம். முன் சீட்டில் மூன்று பேர். என் மடியில் பாரை.

எங்கள் தெருவில் பனி இருந்தது. பெரிய ரோட்டில் ஒரு பொட்டுப் பனி இல்லை! கவுன்சில்காரர் உப்புத் தூவிக் கரைத்து விட்டிருந்தார்கள். வெறும் தார். அங்கேதான் தொடங்கியது: சளக், சளக், டங்.

மணிக்குப் பத்து மைலுக்கு மேல் போக ஏலாது. பின்னால் இரண்டு பஸ், ஒரு பால் வண்டி, எண்ணாத கார்கள். ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. ஏதோ மரணச் சடங்கு என்று நினைத்திருப்பார்கள்.

பஸ் தரிப்பில் நின்ற எங்கள் ஆள் ஒருவர் மட்டும் கத்தினார்: "என்ன அண்ணை, தேரோ? வடத்தைக் காணேல்லை!"

"கழட்டுவமோ?" என்று பிரான்சிஸ் அண்ணை கேட்டார்.

"வேண்டாம் அண்ணை. குளத்துக்குப் போற ஒழுங்கையிலை தேவைப்படும்" என்றேன். அந்தளவுக்கு என் புத்தி சரி.

அந்த ஒடுக்கமான ஒழுங்கையில் பனி முழங்காலளவு. பிக்கப் உள்ளே நுழைந்தது. நின்றது. சங்கிலி போட்ட முன் சில்லுகள் தவத்தில் இருப்பது போல அசையாமல் இருந்தன. பின் சில்லுகள் ஊளையிட்டுச் சுழன்றன. வண்டியின் பின்பக்கம் மெல்ல மெல்ல வலப்பக்கம் போய் வேலிக்குள் செருகிக்கொண்டது.

பிரான்சிஸ் அண்ணை எஞ்சினை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. நேரே முன்னால் பார்த்துச் சொன்னார்:

"தள்ளுறது பின் சில்லு, தங்கச்சி."

மீதித் தூரம் நடந்தோம். யோகன் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அந்தக் கோட்டுக்குள் அவன் இன்னும் மெலிவாகத் தெரிந்தான்.

குளம் உறைந்துதான் இருந்தது. வாத்துகள் அதன்மேல் நடந்துகொண்டிருந்தன. கரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, பக்கத்தில் ஒரு நாய். குளத்துக் காவல்காரர்.

"ஐஸில் கால் வைக்க வேண்டாம். என் நாயையே தாங்காது" என்றார்.

"வைக்கமாட்டோம். ஒரு படம் மட்டும்" என்றேன்.

கரையோரமாக யோகன் குந்தியிருந்து, தேங்காய் உடைக்கிற கத்தியால் ஒரு தட்டுத் தட்டினான். ஐஸ் பப்படம் மாதிரி உடைந்தது. நான் பையிலிருந்து பாரையை எடுத்து நீட்டினேன்.

கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நாயும் பார்த்தது.

"இது கடல் மீன்" என்றார்.



அவர் விரலால் வயிற்றைத் திறந்து பார்த்தார். "உள்ளே ஒன்றுமே இல்லையே. பாவம், இதற்குப் பசிதான் சாவுக்குக் காரணம்."

"என்னவாம் அக்கா?" என்று யோகன் கேட்டான்.

"நல்ல மீனாம். வாலிலை பிடிச்சுக்கொண்டு சிரி."

கமராவில் மூன்று படம்தான் மிச்சம். முதல் படத்தில் என் பெருவிரல் விழுந்தது. இரண்டாவதற்கு நான் "ஒண்டு, ரெண்டு" சொல்ல, விறைத்த பாரை யோகனின் கையுறையிலிருந்து வழுக்கி விழுந்து, ஐஸ்மேல் வழுவழுவென்று ஓடியது. ஓடி, ஓடி, நடுக்குளத்தில் வாத்துகளுக்கு நடுவில் போய் நின்றது. நான் பொத்தானை அமத்திய படத்தில் வெறும் வானம்.

நாய் குரைத்தது. கிழவர் நாயின் கழுத்துப் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

யோகன் கரையிலேயே இருந்துவிட்டான். நடுக்குளத்து மீனையே பார்த்தான். "நாலும் முடிஞ்சுது அக்கா" என்றான். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"சாப்பிட்டனியோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

கொண்டுபோன இடியப்பப் பொட்டலத்தைப் பிரித்தேன். நான்கு பேரும் சாப்பிட்டோம். கிழவர் உறைப்புச் சம்பலைத் தொட்டுவிட்டு ஒரு பிடி பனி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். பிறகு எங்களோடு ஒழுங்கைக்கு வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்து, ஒரே ஒரு வசனம் சொன்னார்: "சங்கிலியைப் பின் சில்லுக்கு மாற்றுங்கள்."

பிரான்சிஸ் அண்ணை வானத்தைப் பார்த்தார்.

யோகன் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுப் பனிக்குள் மல்லாந்து படுத்தான். சங்கிலியைக் கழற்றிப் பின்னால் பூட்டினான். கை கறுப்பு, முகம் கறுப்பு, தலைமயிரில் பனி. சங்கிலியின் கொளுவி சட்டென்று மாட்டிக்கொண்டபோது தன்னை அறியாமல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கமரா வேலை செய்கிறதா என்று பார்க்க நான் அமத்தினேன். மூன்றாவது படம்.

பிக்கப் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

கழுவி வந்த படங்களில் ஆள் தெரிந்தது அது ஒன்றுதான். அதையே அனுப்பினோம். கூடவே நான் ஒரு கடிதம் எழுதினேன். ஐஸில் மீன் பிடிக்கிற கதை பொய், சங்கிலி பூட்டிய கதை உண்மை, முன் சில்லில் பூட்டச் சொன்ன மடைச்சி நான். என் வாழ்நாளில் உவமை இல்லாமல் எழுதிய ஒரே கடிதம்.

மூன்று கிழமை பதில் இல்லை. யோகன் ரெலிபோனுக்குப் பக்கத்தில் சாப்பிட்டான், அதற்குப் பக்கத்திலேயே நித்திரை கொண்டான்.

பிறகு அடித்தது. யோகன் எடுக்க மாட்டேன் என்றான். நான் எடுத்தேன்.

"பிள்ளை, பொய் சொன்னது எனக்குக் கோவம்தான்" என்றார் மலரின் தகப்பனார். "ஆனால் மலர் படத்தைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சவள். 'மற்ற மாப்பிள்ளைமார் எல்லாம் ஸ்டூடியோவிலை பூச்சாடிக்குப் பக்கத்திலை நிக்கினம் அப்பா, இவர் ஒராள்தான் வேலை செய்யிறார்' எண்டு சொல்லிப்போட்டாள். தம்பியை வரச் சொல்லுங்கோ. வரேக்கை அந்தச் சங்கிலியையும் கொண்டுவரச் சொல்லுங்கோ, எனக்கு இஞ்சை வேறை இல்லை."

ஆவணியில் கல்யாணம் நடந்தது.

யோகன் ரொறன்ரோவில் பனி அள்ளுகிற லொறி ஓட்டி, போன வருடம் ஓய்வு பெற்றான்.