இல்லாத கிளட்சை மிதிக்கிறவர்

எங்கள் ஊர் அஜந்தா சிக்னலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பச்சை விழுந்ததும் எல்லா வண்டிகளும் நகரும். ஒன்று மட்டும் குதிக்கும். குதித்து, இருமி, அணைந்து, பின்னால் வருகிறவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளும் அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரைத்தான் உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கப் போகிறேன். வண்டிமாறி என்பது அந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர். வண்டியை மாற்றுவார். தான் மாறமாட்டார்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். பைக்கை வீட்டில் விட்டுவிட்டு மனைவியின் ஸ்கூட்டரை எடுத்தாரென்றால், இல்லாத கியரைத் தேடி இடது காலால் துழாவிக்கொண்டே போவார். வேகத்தடை வந்ததும் கிளட்ச் என்கிற நினைப்பில் இடது கைப் பிரேக்கை முழுசாகப் பிடித்து, பின்னால் இருக்கும் அந்த அம்மாளின் மூக்கைத் தன் முதுகில் பதித்துக்கொள்வார். காரிலிருந்து இறங்கி பைக்கில் ஏறிய அன்றைக்கோ, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்க நெற்றிக்கு மேலே கண்ணாடியைத் தேடி, வானத்தைப் பார்த்தபடியே ஒரு தள்ளுவண்டியை நெருங்குவார். பழைய புல்லட்டில் பழகியவரென்றால் கேட்கவே வேண்டாம். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அந்தப் பழக்கத்தோடு புது பைக்கில் ஏறி, பிரேக் என்று நம்பி கியரை மிதிமிதி என்று மிதித்து... சரி, வேண்டாம். அந்தத் தள்ளுவண்டிக்காரர் இன்னும் எங்கள் தெருவில்தான் கொய்யாப்பழம் விற்கிறார்.

இத்தனையும் செய்துவிட்டு இறங்கி நின்று என்ன சொல்வார் தெரியுமா? "வண்டி சரியில்ல." அவர் கையில் கிடைத்த எந்த வண்டியும் இதுவரை சரியாக இருந்ததில்லை.

இவ்வளவு நுணுக்கமாக எனக்கு எப்படித் தெரியும்? அந்த வானத்தைப் பார்த்தவன் நான்தான். பைக்கை நிறுத்தின கையோடு, அப்போது வைத்திருந்த பழைய காரில் ஹெல்மெட்டோடு ஏறி, முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வரைக்கும் கழற்றாமல் போனவனும் நான்தான். எதிரே நின்ற போக்குவரத்துக் காவலர் ஒன்றும் சொல்லவில்லை. எந்தப் பிரிவில் வழக்குப் போடுவதென்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

இப்படிப்பட்டவன் வீட்டுக்கு, சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் சத்யப்பிரியா போன தை மாதம் ஒரு புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஆட்டோமேட்டிக். "சென்னையில நிறுத்த எடமில்லப்பா, இங்கியே இருக்கட்டும்" என்று அவள் போனில் சொன்ன அன்றே, அடுத்த ஞாயிறு சிதம்பரத்துக்கு நானே காரோட்டிக்கொண்டு போகப் போவதாக இஸ்திரிக்காரரிடமும் டீக்கடையிலும் அறிவித்துவிட்டேன். தெருவே வழியனுப்பத் தயாராகிவிட்டது. சாவி கைக்கு வர வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் பெண் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"ரெட்டியார்பாளையம் சித்தி வீட்டுக்கு நீ ஓட்டிக்கினு வாப்பா. நல்லா ஓட்டிட்டன்னா சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்."

"முப்பத்திரெண்டு வருசமா ஓட்டுறேன். எனக்கே டெஸ்ட்டா?"

"இதுல கிளட்ச் இல்லப்பா. எடது காலுக்கு வேலையே கெடையாது. மடக்கி வெச்சிக்கோ."

முப்பத்திரண்டு வருடம் உழைத்த காலை, ஒரு பிரிவுபசார விழாகூட இல்லாமல் அவள் ரிட்டையர் செய்துவிட்டாள்.

புறப்பட்டோம். பக்கத்தில் மகள். பின்னால் என் மனைவி சுலோசனா, காலையில் வைத்திக்குப்பத்தில் வாங்கின சங்கரா மீனைக் குழம்பு வைத்து, தங்கைக்காகத் தூக்கில் ஊற்றி மடியில் வைத்திருந்தாள். இடது காலைச் சீட்டோடு ஒட்டி மடக்கிக் காவலில் வைத்தேன். நெல்லித்தோப்பு வரைக்கும் வண்டி பட்டுப்போலப் போனது. எனக்குத் தலை கால் புரியவில்லை.

"பாத்தியா? நம்ம கை பட்டா எந்த வண்டியும் சொன்ன பேச்சு கேக்கும்" என்றேன்.

இந்திரா காந்தி சிலைக்கு முன்னால் மஞ்சள் விழுந்தது. முன்னால் போன மினி பஸ் நின்றது. வலது கால் தன் கடமையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் இடது கால் இருக்கிறதே, அது பழைய விசுவாசத்தில் காவலை உடைத்துக்கொண்டு வந்து, கிளட்ச் இருக்கவேண்டிய இடத்தில் முழு பலத்தோடு இறங்கியது. ஆட்டோமேட்டிக்கில் பிரேக் அகலம்; அங்கே இருந்தது அதன் மறுபாதி. வண்டி ஆணி அடித்தாற்போல நின்றது. குழம்பு நிற்கவில்லை.

"என்னாங்க இது! மடி பூராக் கொழம்பு! புதுச் சீட்டெல்லாம் போச்சு!"

என் வாய் தானாகவே திறந்தது. "வண்டி சரியில்ல."

சத்யப்பிரியா குனிந்து கீழே பார்த்தாள். நானும் பார்த்தேன். என் இரண்டு கால்களும் ஒரே பிரேக்கின்மேல், கல்யாண மேடையில் நிற்கும் மாப்பிள்ளை பெண்ணைப்போல அருகருகே இருந்தன. அவள் டிஷ்யூ காகிதத்தை எடுத்துச் சீட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அவளே ஓட்டினாள். வாசலில் இறங்கியதும் சாவியை எடுத்தாள். நான் கையை நீட்டினேன். அது என்னைத் தாண்டிப் போய்ச் சுலோசனாவின் கையில் விழுந்தது.

"அம்மா கத்துக்கட்டும்."

"அவளா? அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதே!"

"அதனாலதாம்பா."

எதிர்க்கட்சிக்காரன்போலச் சிரித்துக்கொண்டே ஒதுங்கினேன். எத்தனை நாளைக்கு என்று பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். சுலோசனா ஒழுங்காக எல்.எல்.ஆர். எடுத்து, பயிற்சிக்குப் போய், மூன்று மாதத்தில் லைசென்ஸோடு வந்து நின்றாள். மறப்பதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை. சொன்னதைக் கேட்டாள், சொன்னபடி ஓட்டினாள். சிதம்பரத்துக்கும் அவள்தான் ஓட்டிக்கொண்டு போனாள். சொன்னபடியே தெரு வந்து வழியனுப்பியது. நான் இடது பக்கச் சீட்டிலிருந்து கையசைத்தேன்.

திரும்பி வந்த அன்று எனக்கு ஆறுதல் சொன்னவர் பக்கத்து வீட்டு பாலகுரு ஒருவர்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். ஆறு மாதம் பிரான்சில், ஆறு மாதம் இங்கே. ஊருக்கு வந்த முதல் வாரம் முழுக்கத் தன் காரின் இடது கதவைத் திறந்து உட்கார்ந்து, சாவி போட இடம் தேடி, பிறகு எதையோ எடுக்கத்தான் வந்தவர்போல ஒரு காகிதத்தோடு இறங்குகிறவர்.

"கவலப்படாதீங்க முசியே" என்றார், பிரெஞ்சு மரியாதையோடு. "பிரான்சுல அதாங்க டிரைவர் சீட்டு."

வெள்ளிக்கிழமைதோறும் அந்தச் சீட்டில்தான் ரெட்டியார்பாளையம் போகிறேன். ஒவ்வொரு சிக்னலிலும் இரண்டு காலாலும் நானும் வண்டியை நிறுத்துகிறேன். "அங்க மிதிக்காதீங்க, கால்மிதி கிழிஞ்சிடப் போவுது" என்கிறாள் சுலோசனா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

சிரிக்கிறீர்கள். வாழ்நாள் முழுக்க ஒரே வண்டியை ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் வராது என்கிற தைரியம். சரி, அடுத்த முறை வேறு யாரோ ஓட்டுகிற வண்டியில் போகும்போது, குறுக்கே ஒரு மாடு வந்தால் உங்கள் கால் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். இல்லாத பிரேக்கைத் தேடிப் போனால், பேசாமல் இடத்துக்கு இழுத்துக்கொள்ளுங்கள். வண்டி சரியில்லை என்று வாயைத் திறக்காதீர்கள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார்.