ஐஸ் ஆலைக்காரர்கள் எடுக்காத கடைசித் தொகுதி

கடைசித் தொகுதியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று தொராவோ மகளிடம் போனில் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எடுத்துக்கொண்டு போனவர் அவர்தான். குறுந்தட்டு வாடகைக் கடையில் கொடுத்த கறுப்பு உறையோடு அது அவர் மடியில்தான் கிடந்தது.

"அப்படியா? சரி விடுங்கப்பா. ஒண்ணும் அவசரமில்ல," என்றாள் நசுனா. அவளுக்கு நகோயாவில் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. "எனக்கு முந்தின தொகுதியே இன்னும் மண்டைக்குள்ள ஓடுது. அந்த ஊர்ல யாரும் மன்னிப்பே கேக்கக் கூடாதுன்னு சட்டம். அது நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான். எங்க யார்டுல பாதி நாள் அதுலதான் போகுது."

"அப்ப தப்பு பண்ணவன் என்னப்பா பண்ணுவான்?"

"ஒடச்சதை ஒட்டிக் குடுத்துட்டுப் போவான். வெல்டிங் எதுக்கு இருக்கு?"

நசுனா விழுந்து விழுந்து சிரித்தாள். தொராவோ போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டார்.

கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் முகமூடிக்குள் தலையை விட்டு இரும்பை ஒட்டியே வயசானவர் அவர். பேச்சு வராது. மனைவி இருந்தவரை வீட்டுக்கும் சேர்த்து அவளே பேசினாள். அவள் போன பிறகு மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். "சாப்பிட்டீங்களா?" "ம்." "உடம்பு?" "ம்." "வச்சிரட்டுமா?" "ம்." பிறகு கூப்பிடுவதே அபூர்வமாகிவிட்டது.

அப்புறம்தான் அவள் இந்த அனிமே கார்ட்டூன் தொடரைப் பார்க்கச் சொன்னாள். 'ஏணிப் பயணி'. தோளில் ஒரு மர ஏணியோடு ஒருவன் நாடு நாடாக நடக்கிறான். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு விசித்திரமான சட்டம். பார்க்கிறான், ஒரே ஒரு கேள்வி கேட்கிறான், கிளம்பிவிடுகிறான். ஏணியை எங்கேயும் சாத்துவதில்லை. எதன் மேல் ஏறப்போகிறான் என்பது கடைசித் தொகுதியில். வாரம் ஒரு தொகுதி இருவரும் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போனில் சண்டை போட்டார்கள். காது சுடும் வரை போட்டார்கள்.

கடைசித் தொகுதியைப் பார்த்துவிட்டால் கதை முடிந்தது. மறுபடி "ம்" தான். அதனால் அந்த உறையை அவர் திறக்கவே இல்லை. கெடு தீரும்போது கடைக்குப் போய், திருப்பிக் கொடுத்து, அதையே மறுபடி எடுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னும் பாக்கலையா நீங்க?" என்றாள் கடைக்கார உதகாவா அம்மா, ஒரு மாதிரியாகப் பார்த்து.

"வேலைம்மா."

"திரும்பவும் வேணுமா? இதேதானா?"

"இதேதான்."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அதே உறையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

சிக்கல் யார்டில் தொடங்கியது. மகளிடம் சொல்ல நல்ல கருத்தாக ரெண்டு வேண்டுமே என்று, தொராவோ சாப்பாட்டு நேரத்தில் கதையைச் சொல்லி ஆட்களிடம் கருத்தைக் கறந்துகொண்டிருந்தார். அதில் யார்டே தொடருக்குள் விழுந்துவிட்டது.

"நிலாவுலதான் சாத்தப்போறான்," என்றார் சாரம் கட்டும் நெமோத்தோ.

"நிலாவுல சாத்தினா கீழ எவன் புடிச்சுக்கறது? ஏணின்னா கீழ ஒருத்தன் நிக்கணும்," என்றார் இபுசுகி மேஸ்திரி. "அவன் தலையில ஹெல்மெட்டும் இல்ல. அத்தனை நாட்டுலயும் ஒருத்தன் கேக்கலையே!"

ஆனால் கடைசித் தொகுதி மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. கடை அலமாரியில் வெறும் அட்டைப்பெட்டிதான் நின்றது.

ஒரு நாள் காலை, வானொலி இசைக்கேற்ப உடற்பயிற்சி செய்து முடித்ததும், மேஸ்திரி வழக்கம்போலக் கேட்டார்: "நூலிழையில தப்பின விபத்து ஏதாவது உண்டா?"

ஆட்கள் ஹெல்மெட் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணு இருக்கு," என்றார் அவரே. "நேத்து, கடைசித் தொகுதி எந்தப் பயகிட்ட இருக்குன்னு யோசிச்சுக்கிட்டே சாரத்துல கால வச்சேன். அங்க பலகையே இல்ல. அதனால இது இனிமே பொழுதுபோக்கு இல்ல. பாதுகாப்புப் பிரச்சினை. காரணத்தக் கண்டுபிடிச்சு நீக்கணும்."

தொராவோவுக்கு வியர்த்தது. பயத்தில் எல்லோரையும்விட உரக்கக் கத்தினார்: "எவனோ சுயநலம் புடிச்ச பய! அவன் கைய முறிக்கணும்!"

"கொதிக்கறான் பாரு! சரி, தொராவோ, நீயே பொறுப்பு. ஆளப் புடி."

யார்டின் பாதுகாப்பு வழக்கப்படி எல்லோரும் சுட்டுவிரலை நீட்டி ஒரே குரலில் முழங்கினார்கள்: "கடைசித் தொகுதி, கண்டுபிடிப்போம், சரி!" தொராவோவின் விரல் மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது.

அன்று மாலையே உறையைக் கடையில் போட்டுவிட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் மகள் கூப்பிடும் ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு மனசு வரவில்லை. மறுநாள் மேஸ்திரி கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னார்.

"துறைமுகத்து ஐஸ் ஆலைல எவனோ வச்சிருக்கானாம்."

மேஸ்திரி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஐஸ் ஆலைக்குப் போனார். போய்க் கத்திவிட்டும் வந்தார். அங்கே அப்படியொரு தொடர் இருப்பதே யாருக்கும் தெரியாது.

அதோடு விஷயம் முடிந்திருக்கலாம். ஆனால் ஐஸ் ஆலைத் தலைவர் ஹமாசாக்கி கௌரவமான மனிதர். மறுநாளே பயறு இனிப்புப் பெட்டியோடு யார்டு வாசலில் வந்து, இடுப்பு முறிய வணங்கினார்.

"எங்க ஆளால உங்களுக்குப் பெரிய தொந்தரவு. மன்னிக்கணும்."

"அப்ப எடுத்தது உங்க ஆள்தானா?" என்றார் மேஸ்திரி.

"இல்லீங்க. எல்லாரையும் கேட்டுட்டேன், யாரும் எடுக்கல. இருந்தாலும் மன்னிக்கணும்."

"எடுக்காததுக்கு எதுக்குய்யா மன்னிப்பு?"

"நீங்க அவ்வளவு தூரம் நடந்து வந்து கத்தினீங்களே. அதுக்கு ஏதாவது பண்ணணுமில்ல?"

வெட்கப்பட்டுப் போய் மேஸ்திரி அவரைவிடத் தாழக் குனிந்தார். ஹமாசாக்கி அதைவிடத் தாழக் குனிந்தார். தொராவோ இனிப்பை வாயில் போட்டு, விழுங்க முடியாமல் நின்றார்.

போகும்போது ஹமாசாக்கி ஒரு சத்தியம் செய்துவிட்டுப் போனார். ஐஸ் ஆலை முழுக்கச் சேர்ந்து தேடுமாம். அன்று முதல் ரப்பர் பூட்ஸ் போட்ட ஆட்கள் வேலை முடிந்ததும் வீடு வீடாகக் கதவைத் தட்டி, "மன்னிக்கணும், ஏணி வச்சிருக்கவனோட கடைசித் தொகுதி உங்க வீட்டுல இருக்கா?" என்று விசாரித்தார்கள். தொராவோ வீட்டுக்கும் வந்தார்கள். வந்தது ஹமாசாக்கியேதான். மழையில் நனைந்திருந்தார், இருமினார்.

"உங்க வீட்ட நான் சந்தேகப்படல. முறைக்குக் கேக்கறேன். மன்னிக்கணும்."

அதற்கு மேல் தொராவோவால் தாங்க முடியவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கறுப்பு உறையைத் தூக்கிக் காட்டினார். "புடிச்சிட்டேன்."

"யார்கிட்ட இருந்துச்சு?"

"அவன் ரொம்ப வருத்தப்படறான். பேர் வேண்டாம்."

"பெரிய மனசுய்யா உனக்கு!" என்று மேஸ்திரி அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். ஐஸ் ஆலைக்காரர்களுக்கும் ஆள் போனது. ஓய்வறை நிறைந்தது. ஹமாசாக்கிக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள்.

மேஸ்திரி விரலை நீட்டினார். "திரை, சரி! கதவு, சரி! தேநீர், சரி!" குறுந்தட்டை இயந்திரத்துக்குள் தள்ளினார்.

தொராவோ பின்சுவர் ஓரம் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். தான் பார்க்காவிட்டால் தனக்காவது முடியாமல் இருக்கும் அல்லவா?

"என்னடா கண்ண மூடிட்ட?"

"இரும்புத் தூள் விழுந்துருச்சு."

இசை வந்தது. ஒரு பெண் குரல் கனிவாகப் பேசியது: "வணக்கம். முதுகை நேராக வைத்து, நாற்காலியின் நுனியில் அமருங்கள். முழங்கால் வலி பறந்துபோகும்."

"இது எந்த நாட்டுச் சட்டம்?" என்றார் நெமோத்தோ.

"பேசாம பாருய்யா. ஆழமான தொடர்," என்றார் மேஸ்திரி.

"வலது காலை மெல்ல நீட்டுங்கள்."

தொராவோ ஒற்றைக் கண்ணைத் திறந்தார். திரையில் ஏணியும் இல்லை, பயணியும் இல்லை. ஒரு நாற்காலி இருந்தது. முன்வரிசையில் ஹமாசாக்கி தன் வலது காலை மெல்ல நீட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வயசான ஆட்கள் எல்லோரும் நீட்டினார்கள். மேஸ்திரி மட்டும் திரையைப் பார்க்கவில்லை. திரும்பித் தொராவோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் தொராவோ நேராகக் கடைக்குப் போய் உறையை மேசையில் வைத்தார்.

"என்னம்மா இது? இத்தனை வாரமா முழங்கால் பயிற்சியவா நான் ஒளிச்சு வச்சிருந்தேன்?"

உதகாவா அம்மா எழுந்து நின்று தலை குனிந்தாள்.

"மன்னிச்சிருங்க. முதல் தடவை குடுத்தப்பவே, மறுநாள் வந்து கத்துவீங்கன்னு காத்திருந்தேன். நீங்க என்னடான்னா அதையே திரும்பத் திரும்ப வாங்கிட்டுப் போறீங்க. முழங்கால்தான் ரொம்ப மோசம் போலன்னு நெனச்சேன்."

"நான் தொறந்தே பாக்கலம்மா." அவர் குரல் இறங்கிவிட்டது. "அது போகட்டும். நீங்க ஏன் மாத்தி வச்சீங்க?"

அவள் இழுப்பறையைத் திறந்து உண்மையான கடைசித் தொகுதியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க பொண்ணு நகோயாவுல இருந்து போன் பண்ணி அழுதா. 'அப்பா வந்து கடைசித் தொகுதியக் கேட்டா வேற எதையாவது போட்டுக் குடுத்துருங்கம்மா, இப்பதான் மனுஷன் என்கிட்ட பேச ஆரம்பிச்சிருக்காரு'ன்னு."