காட்டுப்பன்றியும் கூட்டுப்படையும்

"சமையலறைக்குள்ள காட்டுப்பன்றி புகுந்திருச்சு!"

மேஜர் காஸ்டோன் டில் மூச்சிரைக்க வந்து சொன்னபோது, மந்திரிகளின் காவலுக்குத் தங்கள் நாட்டுச் சிப்பாய்களோடு வந்திருந்த மூன்று கர்னல்களும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்டென் காட்டோரத்துப் பழைய படைமுகாம் அது. பக்கத்து மண்டபத்தில் ஜெர்மனி, பிரான்ஸ், அயர்லாந்து மூன்றின் பாதுகாப்பு மந்திரிகளும் கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவுக்கு ஒரே படை, ஒரே உத்தரவு வேண்டுமா, வேண்டாமா? இந்த மூவர் இன்று கையெழுத்துப் போட்டால்தான் மற்ற நாட்டு மந்திரிகள் நாளை வருவார்கள். இல்லையென்றால் கூட்டுப்படை அலுவலகத்தையே இழுத்து மூடுவதாக முடிவு.

ஒப்பந்தத்தை எழுதியவர் டில். லக்சம்பர்க்காரர். ஒன்பது வருஷமாக அதையே கட்டிக்கொண்டு அழுகிறார். பாவம், அந்த மனுஷனுக்கு வேறு கனவு கிடையாது.

"உங்க ஆளுங்களை அனுப்பி விரட்டச் சொல்லுங்க கர்னல்," என்றார் டில்.

ஜெர்மன்காரர் விட்கோப் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்களுக்குக் காவல் காக்கத்தான் அனுமதி. விரட்டுறதுன்னா தாக்குதல். நாடாளுமன்றத்தைக் கேக்கணும்."

"பன்றியை விரட்டவா?"

"பன்றின்னா பரவாயில்லைன்னு சட்டத்துல எழுதலையே."

"நாங்க ரெடி," என்றார் பிரெஞ்சுக்காரர் டெல்வென்கூர். "ஆனா தலைமை எங்களோடது."

"ஆமா, உங்க பின்னால நாங்க வந்துட்டாலும்!" என்றார் விட்கோப்.

ஐரிஷ்காரர் டியர்னி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நாங்க நடுநிலை. பன்றி பக்கமும் இல்ல, சமையல்காரர் பக்கமும் இல்ல."

உள்ளே பாத்திரங்கள் உருண்டன. இவர்களை நம்பிப் பயனில்லை என்று டில் தாமே ஓடிக் கதவைத் திறந்துவிட்டார். அவசரத்தில் தோட்டத்துக் கதவுக்குப் பதிலாக நடைவழிக் கதவு. பன்றி நேரே இவர்களை நோக்கி வந்தது. மூன்று கர்னல்களும் மாடிப்படியில் பாதி ஏறிவிட்டார்கள்.

"யோவ் மேஜர், எந்தக் கதவுன்னு பார்த்துத் திறக்கக்கூடாதா?"

"பதட்டம் கர்னல்! இருங்க, ஆசை காட்டி வெளிய இழுக்கிறேன்."

டில் பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து உருட்டினார். அது மண்டபத்தின் பக்கம் உருண்டது. ஐயையோ என்று மந்திரிகளை எச்சரிக்கக் கதவைத் திறந்தார். முதலில் ஆப்பிள் உள்ளே போனது, பின்னாலேயே பன்றியும் போனது.

அடுத்த கணம் மந்திரிகள் மேஜைமேல் நின்றார்கள்.

"விட்கோப்! உள்ள வாய்யா!" என்று ஜெர்மன் மந்திரி கத்தினார்.

"அனுமதி எழுத்துல வேணும் ஐயா!" படிக்கட்டிலிருந்து பதில் வந்தது.

"முதல்ல எங்க ஆளுதான் வரணும்," என்றார் பிரெஞ்சு மந்திரி, ஒற்றைக் காலில் நின்றபடி.

டில் கதவிடுக்கில் தலையை நீட்டினார். "ஐயா, ஒப்பந்தம் உங்க காலடியிலதான் இருக்கு. கையெழுத்துப் போட்டா ஒரே உத்தரவுல எல்லாரும் உள்ள வந்துடலாம்."

"நாங்க நடுநிலை..." என்று ஐரிஷ் மந்திரி ஆரம்பித்தார். பன்றி மேஜைக்காலில் முதுகைச் சொறிந்துகொண்டது. மேஜை ஆடியது.

"பேனா எங்கய்யா?" என்றார் அவர்.

மூன்று கையெழுத்தும் விழுந்தன. ஒரே உத்தரவு பிறந்தது. மூன்று நாட்டுச் சிப்பாய்களும் தோளோடு தோள் உரசி உள்ளே பாய்ந்தார்கள். பன்றி ஆப்பிளைத் தின்று முடித்துப் படுத்திருந்தது. மந்திரிகள் கீழே இறங்கி, கூட்டுப்படையின் முதல் வெற்றி என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். டில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இதைக் காட்டுல விட்டுட்டு வரேன்," என்றார்.

அதை யார் செய்வது என்ற சர்ச்சைக்கு யாரும் வரவில்லை. பன்றி அவர் பின்னாலேயே சாதுவாக நடந்தது.

முகாமின் பின்வாசலில், ரப்பர் பூட்ஸ் போட்ட பண்ணைக்காரி கிஸ்லேன் கயிற்றோடு நின்றிருந்தாள். பன்றி ஓடிப்போய் அவள் முழங்காலில் மூக்கை உரசியது.

"வேலை முடிஞ்சுதா மேஜர்?" என்றாள் அவள், அதன் காதைச் சொறிந்தபடி. "நாளைக்கு மத்த மந்திரிங்களும் வராங்களாமே, இவளோட அம்மாவையும் சேர்த்துக் கூட்டிட்டு வரவா?"