யாரும் மறுக்காத வரி

வெண்பலகை நாட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், ஒரே ஒரு கேள்வியைத் தவிர. வேலைக்குச் சேர்ந்த அன்றே அங்காயியிடம் அதைச் சொல்லி எச்சரித்திருந்தார்கள். இன்று அமைச்சர் தாண்டவராயரின் மேசை முன் நின்று அவள் அதையே கேட்டாள்:

“முன்னாடி என்ன எழுதியிருந்துச்சு? காட்டுங்க.”

அந்த நாட்டில் எல்லாமே பொது ஏடு என்ற ஒரே இணைய ஏட்டில் இருந்தது. ஊருக்கு ஒரு பக்கம். பக்கத்தில் இருந்தால் உண்மை, இல்லையென்றால் இல்லை. ஒரு பக்கத்தைக் கவனிப்பதாகப் பதிந்துகொண்டால், அது மாறும்போது மின்னஞ்சல் வரும். அந்த மின்னஞ்சலை வடிவமைத்தவள் அங்காயி. குட்டக்கரை என்ற சிற்றூரிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள்.

அவளுடைய முதல் மாதிரியில் மாற்றியவர் பெயர், பழைய வரி, புதிய வரி எல்லாம் இருந்தன.

“மாத்துனவன் பேரு எதுக்கும்மா? வீண் பகை,” என்றார் அமைச்சர். பெயர் போயிற்று. பழைய வரி மக்களின் மன அமைதியைக் குலைப்பதாக ஒரு குழு கண்டறிந்தது. அது மின்னஞ்சலிலிருந்தும் ஏட்டிலிருந்தும் போயிற்று. பின்பு புதிய வரியும் போயிற்று. மிஞ்சியது இவ்வளவுதான்: “தங்கள் பக்கம் மேம்படுத்தப்பட்டுள்ளது. ஏழு நாளில் மறுப்பு வராவிட்டால், ஒப்புதலுக்கு நன்றி.” மறுத்தவர்களின் பட்டியல் நேராகக் காவல்துறைக்குச் சென்றது. அவர்களில் எவரும் இரண்டாம் முறை மறுக்கவில்லை.

அந்த மின்னஞ்சலைச் சோதிக்க ஒரு பக்கம் வேண்டியிருந்தது. “எவனும் கண்டுக்காத ஊரா பாத்து எடு,” என்றார் மேலாளர். அங்காயி சொந்த ஊரையே எடுத்தாள். அந்தப் பக்கத்தைக் கவனித்தவள் அவள் ஒருத்திதான். கைக்கு வந்ததைத் தட்டினாள்: “குட்டக்கரையில் யாரும் குடியிருக்கவில்லை.”

மின்னஞ்சல் வரவில்லை. மாற்றியவருக்கே அறிவிப்பு அனுப்ப வேண்டாம் என்பது அவளே வைத்த விதி. நினைவு வந்ததும் சிரித்துக்கொண்டாள். அதற்குள் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். வரியைத் திருத்த மறந்துபோனாள். நினைவூட்டவும் ஒரு மின்னஞ்சல் வரவில்லை. மறுப்பு வராததால் எட்டாம் நாள் பக்கம் பூட்டப்பட்டது; இனி அவளாலும் திருத்த முடியாது.

இன்று மதியம் அப்பா போனில் அழைத்தார்.

“பாப்பா, ஊர் எல்லையில புல்டோசர் வந்து நிக்குது. நாங்க குட்டக்கரைக்காரங்கன்னு சொன்னா, அப்படி யாருமே கிடையாதேங்கிறான். காலையில விடிஞ்சதும் தள்ளிருவாங்களாம். நீ பெரிய ஆபீஸ்ல இருக்கியே, கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்.”

அதனால்தான் கேட்டாள்.

அமைச்சர் திரையைப் பார்த்தார். “யாரும் மறுக்கலையே?”

“கவனிச்சது நான் ஒருத்தி. மாத்துனதும் நான்தான். அது வெறும் சோதனைங்கய்யா!”

“சோதனைன்னு எங்கயும் எழுதலையே. மாத்துனவர் பேரும் இல்ல. நீதான்னு நான் எப்படி நம்புறது?” அவர் குரல் கனிந்தது. “பயப்படாத. ஏட்டுல தலைநகரோட பக்கத்துல உன் பேரையும் உங்கப்பா பேரையும் ஏத்திடுறேன். மத்தவங்களப் பத்தி வாயத் திறக்காம இரு.”

“முந்நூறு பேருங்கய்யா.”

“எங்க? ஏட்டுல ஒருத்தரும் இல்லையே.” பிறகு, பாராட்டுவது போல முன்னால் சாய்ந்தார். “உண்மையச் சொல்லணும்னா, உன் வரி அருமையான வரி. சுருக்கமா, சண்டை சச்சரவு இல்லாம. இந்த வாரம் நாப்பத்தோரு ஊருக்கு அதையேதான் போட்டிருக்கோம். ஊர் பேர மட்டும் மாத்துனா போதும்.”

அங்காயி அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

வாசலில் காவலர் வெளியேறும் பதிவேட்டை நீட்டினார். பெயர், ஊர். அவள் எழுதியதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

“குட்டக்கரையா? அப்படி ஒரு ஊரே இல்லையேம்மா. இத எழுதுனா என்னையும்ல பிடிப்பாங்க. அடிச்சுட்டு வேற ஏதாவது எழுதிட்டுப் போ தாயி.”

“அடிக்க மாட்டேன். விடியக்காலம் வந்து பாருங்கண்ணே, புல்டோசருக்கு முன்னாடி எத்தனை பேர் இல்லாம நிக்கிறோம்னு.”

கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் அவள் வேகமாக நடந்தாள்.