மூன்று வளையங்கள் அதிகம்

"சனிக்கு மட்டும்தான் மாமா வளையம். எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்" என்று டெய்லரிடம் அவர் மச்சான் சொன்னபோது, கோளரங்கத்தின் அதிகாரி அம்மா வர அரைமணி நேரம்தான் இருந்தது.

திரைச்சீலை தைக்கக் கொடுப்பவர்கள் வருவது நின்றுபோன நேரத்தில் டெய்லருக்குக் கிடைத்த வேலை இது. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று மோட்டார் காற்றில் உப்பி நிற்கும் நான்கு துணி உருண்டைகள். அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டால் மீதி வானத்தைத் தைக்கும் வேலையும் டெய்லருக்குத்தான். இல்லையென்றால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

கோளரங்கத்தில் கொடுத்த படத்தில் சனிக்கு மட்டும் வளையம் இருந்தது அவருக்கும் தெரியும். ஆனால் நான்கு பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்து, கடைசிவரை அண்ணன் சட்டையையே போட்டு வளர்ந்தவர் அவர். ஒன்றுக்கு மட்டும் தைக்க மனம் வரவில்லை. மிச்சத் துணியில் மற்ற மூன்றுக்கும் மெல்லிசாக ஒவ்வொன்று தைத்துவிட்டார்.

இப்போது பிளேடை எடுத்து வியாழனின் வளையத்தைப் பிரித்தார். வளையத்தோடு வியாழனும் கிழிந்து, புஸ்ஸென்று இறங்கி மச்சானை மூடியது. வளையத்தையே வெட்டிக் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டார் டெய்லர். அடுத்து யுரேனஸ். டெய்லரின் மனைவி ஒரு பக்கமும் மச்சான் ஒரு பக்கமும் இழுத்த இழுப்பில் வளையம் கையோடு வந்தது, யுரேனஸ் பீடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது. மூவரும் முட்டுக்கொடுத்தும் எழுந்திருக்கவில்லை.

நெப்டியூனில் கை வைக்கும்போது கதவு திறந்தது. டெய்லர் இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு வளையத்தை மறைத்தபடி நின்றார்.

அதிகாரி அம்மா எல்லாவற்றையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். கீழே கிடந்த வளையத்தை எடுத்து, இதைத் தைத்தது யார் என்று கேட்டார். மச்சானின் விரல் உடனே டெய்லரைக் காட்டியது.

"நான்தாம்மா" என்றார் டெய்லர். "ஒண்ணுக்கு மட்டும் குடுக்க மனசு வரல. தப்புதான்."

"நாலுக்குமே வளையம் உண்டுங்க, மத்த மூணுக்கும் மெல்லிசா இருக்கறதால யாரும் கவனிக்கிறதில்ல. பிரிச்சதைத் தெச்சுட்டு, மீதி வானத்தையும் நீங்களே ஆரம்பிங்க. அந்த யுரேனஸை மட்டும் நிமிர்த்திடாதீங்க, அது நெசமாவே அப்படித்தான் படுத்துக் கிடக்கு."