சூரியனை அணைக்க வந்தவர்கள் எங்கள் ஹாலில்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னாயே, தயவுசெய்து வராதே. கோபித்துக்கொள்ளாமல் முழுவதும் படி.

என் வேலை உனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குக் கதை எழுதுகிறேன். நீ சொந்தக்காரர்களிடம் 'பொம்மைக் கம்பெனி' என்று சொல்லிவைத்திருக்கிறாய், அதைத் திருத்தி எனக்கும் அலுத்துவிட்டது. இப்போது எழுதுவது மந்திரமும் டிராகனும் வருகிற கதை. அதில் வில்லன் ஓர் ஆள் இல்லை, ஒரு கூட்டம். சாம்பல் சபை என்று பெயர். சூரியனை அணைத்துவிடுவதுதான் அவர்கள் லட்சியம். நானும் எல்லோருக்கும் கறுப்பு அங்கி மாட்டி, மண்டையோட்டில் ரத்தம் குடிக்கவைத்து, பக்கத்துக்குப் பக்கம் பேய்ச் சிரிப்புச் சிரிக்கவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்கும் எங்கள் மேலதிகாரி அம்மாவை ஆபீசில் 'ஏன் மேடம்' என்போம். அவர் படித்துவிட்டு, "இதுல யாருங்க சேருவாங்க? ரத்தம் குடிச்சு, குகையில படுத்து, கடைசியில ஹீரோ கையால அடிவாங்கிச் சாகணும். அதுக்கு வீட்டுல சும்மா உக்காந்திருக்கலாமே! ஒருத்தன் ஏன் சேர்றான்னு மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க, இல்லேன்னா கதையை வேற ஆளுகிட்ட குடுத்துடுவேன்" என்றார்.

யோசித்தேன் அக்கா. சூரியனை அணைக்க வேண்டும் என்று எவனும் எதிலும் சேர்வதில்லை. தனக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் சேர்கிறான். உடனே ரத்தத்தையும் மண்டையோட்டையும் தூக்கி எறிந்தேன். இப்போது என் கதையில் சபை வாசலில் ஒருவர் நின்று, "வாங்க, இன்னிக்கு நாள் எப்படிப் போச்சு?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, பதிலையும் காதுகொடுத்துக் கேட்பார். தாமதமாக வந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சந்தேகப்படுகிறவனைத் திட்ட மாட்டார்கள். ஆளுக்கொரு பொறுப்பு, அதற்கொரு பட்டம். சூரியன் விஷயத்தை வெகுநாள் கழித்து, போகிறபோக்கில்தான் சொல்வார்கள். அதற்குள் நீ உன் வீட்டுச் சாவியையே கொடுத்திருப்பாய். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம், கம்ப்யூட்டரில் ஏற்றுமுன் கதை தெரியாத நாலு பேரை உட்காரவைத்து நடிக்கச் சொல்லிப் பார்ப்போம். நான் எங்கள் குடியிருப்பு ஆட்களையே கூப்பிட்டுத் தொலைத்தேன்.

கீழ்வீட்டு இன்ஷூரன்ஸ்காரருக்குக் குரல் கணீரென்று இருக்கும் என்பதால் தலைமைக் குரு வேஷம் கொடுத்தேன். சோதனை முடிந்து நான் நன்றி சொன்னால் அவர், "அடுத்த கூட்டம் எப்போ தம்பி?" என்கிறார். மறுவாரம் நான் ஆபீசிலிருந்து வருமுன்பே ஹால் நிறைந்திருந்தது, என் நாற்காலியில் யாரோ ஒருவர், உட்கார இடமில்லாமல் நான் ஷூ அலமாரி மேல் உட்கார்ந்தேன். மாடியில் இருக்கும் தையல்காரம்மா எல்லோருக்கும் சாம்பல் நிற அங்கி தைத்துவிட்டார், மூக்குக்கண்ணாடி வைக்கப் பாக்கெட்டோடு. இத்தனை காலம் ஓடாமல் கிடந்த லிஃப்டைச் சபையே ஆள் பிடித்து ஓடவைத்துவிட்டது. பொறுக்கமாட்டாமல் எழுந்து, "ஐயா, இது நான் எழுதின கதை! இவங்க கெட்டவங்க! சூரியனையே அணைக்கப் போறாங்க!" என்று கத்தினேன். தையல்காரம்மா, "அணைக்கட்டுமே தம்பி, என் ஜன்னல் மேற்குப் பக்கம், சாயங்காலம் தாங்க முடியல" என்றார். இன்ஷூரன்ஸ்காரர் என் தோளில் கைபோட்டு, "தம்பிக்குச் சந்தேகம் வந்திருக்கு. யாரும் கோவிச்சுக்காதீங்க, ஒரு டீ குடுங்க" என்றார். நான் எழுதியதை எழுத்து பிசகாமல் என் மேலேயே நடத்துகிறார்கள். நேரில் பார்க்க வந்த ஏன் மேடம், "இப்ப நம்புறேன்" என்று சொல்லிவிட்டு அங்கிக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம் விடு. உன் தம்பி பெண்டாட்டியும் சேர்ந்துவிட்டாள். "நீயுமா?" என்றேன். "நீங்க வீட்டுக்குள்ள வந்ததும் 'சார்ஜர் எங்கே'ம்பீங்க. அவங்க என் நாள் எப்படிப் போச்சுன்னு கேக்குறாங்க" என்றாள். "அந்தக் கேள்வியை எழுதினவனே நான்தாண்டி!" என்றேன். "எழுதினீங்க. என்கிட்ட கேட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு அங்கியை இஸ்திரி போடப் போய்விட்டாள். எங்கள் வீட்டு மாற்றுச் சாவி இப்போது இன்ஷூரன்ஸ்காரரிடம் இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அத்தான் போன பிறகு நீ தனியாக இருக்கிறாய். நீ உள்ளே நுழைந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார்கள், நீ அழுதுவிடுவாய். அவளைத்தான் கோட்டைவிட்டேன், உன்னையும் விட்டுக்கொடுக்க முடியாது. எனவே வராதே.

மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு. கதவை நன்றாகச் சாத்திக்கொள். அன்பாகப் பேசுகிறவர் யாராக இருந்தாலும் ஜன்னல் வழியாகவே பேசி அனுப்பு. மற்றபடி உன் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும்.

உன் பேச்சைத் தட்டாத,
தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் இன்ஷூரன்ஸ்காரர் வந்தார். என் முகத்தைப் பார்த்தார், எதிரில் உட்கார்ந்தார், "உங்களுக்குன்னு யார் இருக்காங்க தம்பி?" என்று கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்வி நான் எழுதியதில்லை. உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை, அவரும் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. சனிக்கிழமை கட்டாயம் வா அக்கா. பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் எல்லோருமே வருகிறோம்.