சில்வஸ்டர் வீட்டு சீரியல் செட்

"ஏனுங்க, இந்த லைட்டு நம்ம ஊட்டுக்கு வாங்கினதா, தேருக்கு வாங்கினதா?" என்று கேட்டாள் பியாட்ரிஸ்.

கேட்டதில் நியாயம் இருந்தது. கூடலூர் பஜாரில் சில்வஸ்டர் வாங்கி வந்த சீரியல் செட், வாசலை முழுசாகச் சுற்றிய பிறகும் தீராமல், படியிறங்கி ஈரப் புல்லில் குவிந்து கிடந்தது.

"ஈரத்துல ஒயரு கெடக்குது. பாட வர்றவங்க மிதிச்சா என்னாகறது? சின்னதாக்கிப் போடுங்க."

"வரட்டும் மொதல்ல!"

அதுதான் அந்த வீட்டின் ஆறாத புண். நடுவட்டத்து எஸ்டேட் ஆபீஸுக்கு அவன் மாற்றலாகி வந்த புதிதில், போன கிறிஸ்துமஸுக்கு, கேரல் குழு டிரம் அடித்துக்கொண்டு இவர்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. வெட்டாத கேக்கைப் பார்த்துப் பார்த்து அழுதாள் பியாட்ரிஸ். ஏன் வரவில்லை என்று சர்ச்சில் போய்க் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. மாட்டியிருந்த ஒற்றை நட்சத்திர விளக்கு மூடுபனியில் தெரியவில்லை என்று சில்வஸ்டரே தீர்ப்பு எழுதிக்கொண்டான். அதனால்தான் இந்த வருடம் இத்தனை பெரிய சரம்.

"நம்ம லைன் வரிசையில வேற ஒரு ஊட்டுலயாவது லைட்டு எரியுதா பாரு. சுத்தச் சோம்பேறிங்க!"

பாதுகாப்பில் அவன் புலி. ரப்பர் செருப்பை மாட்டினான். பிளக்கைப் பிடுங்கி மனைவி கையில் கொடுத்தான்.

"நான் சொல்ற வரைக்கும் விடாதே."

"சரிங்க."

சரத்தின் நடுவில் பாதியை வெட்டி எறிந்தான். முனைகளை முறுக்கி, டேப் சுற்றி, பிளக்கைச் சொருகச் சொன்னான். வாசல் பட்டப்பகலாகிவிட்டது.

"பாத்தியா? சின்னதாக்கினா வெளிச்சம் கூடுது!"

டப். ஒரு பல்பு கருகியது, சரமே அணைந்தது. மொத்தப் பல்புகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய கரண்டைப் பாதிப் பல்புகள் தலையில் கட்டியிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. கருகியதை வெட்டிவிட்டு மறுபடி இணைத்தான். டப். அதையும் வெட்டினான். பந்தியில் ஆள் குறையக் குறைய மிச்சமிருப்பவன் இலையில் சோறு மலையாவது போல, ஒவ்வொரு வெட்டுக்கும் அடுத்த பல்பு இன்னும் பிரகாசமாக எரிந்து, இன்னும் சீக்கிரம் செத்தது.

"ஏனுங்க, இப்ப ரொம்பச் சின்னதாயிருச்சுங்க."

"பேசாம பிளக்கைப் பிடி!"

கடைசியில் கைக்குட்டை நீளம்தான் மிஞ்சியது. அவசரத்தில் டேப் சுற்ற மறந்த இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டன. படார் என்று ஒரு சத்தம். ஃப்யூஸ் போய், அடுப்படி விளக்கு உட்பட வீடே இருண்டது.

அதே நேரம் பனிக்குள்ளிருந்து டிரம் சத்தம் கேட்டது.

"போச்சு. இந்த வருசமும் போச்சுங்க," என்றாள் பியாட்ரிஸ். குரல் உடைந்துவிட்டது. சில்வஸ்டருக்கு அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. இருட்டு அந்த மட்டில் உதவியது.

டிரம் சத்தம் நெருங்கியது. படியேறியது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், கம்பளித் தொப்பியும் மப்ளருமாகக் கேரல் குழு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது!

பாடினார்கள். பியாட்ரிஸ் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கேக் வெட்டிக்கொண்டே அழுதாள். இந்த அழுகை வேறு.

டிரம் அடித்த ஞானசீலனின் கையில் சில்வஸ்டர் பெரிய துண்டாகக் கேக்கை வைத்தான்.

"இந்த இருட்டுல எங்க ஊட்டை எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

ஞானசீலன் கேக்கை மென்றபடி சொன்னான்: "எங்க பாட்டு செட்டு ரெண்டுங்க, ஒண்ணு மேல இருந்து வரும், ஒண்ணு கீழ இருந்து வரும், பாடி முடிச்ச ஊட்லதான் இங்க வாசல்ல லைட்டுப் போடுவாங்க; போன வருசம் உங்க ஊட்ல எரிஞ்சுதா, மத்த செட்டு பாடிட்டுப் போயிருச்சுன்னு தாண்டிப் போயிட்டோம்... சரிங்க, பாட்டு முடிஞ்சுது, இனி லைட்டைப் போடுங்க!"